ஜெயகரன் பெயரில் இறங்கியவன்

…சவப்பெட்டி முதலில் இவன் வீட்டுக்குத்தானே வந்தது, சட்டைப்பையில் ஜெயகரனின் சுரங்க நம்பர் போட்ட பித்தளை வில்லை இருந்தால் செத்தது ஜெயகரன்தானே, முகத்தைப் பார்த்துச் சொல்ல முகம் என்று ஒன்று மிஞ்சியிருந்தால்தானே… போர்வைக்குள் கிடந்த ஜெயகரன் எழுந்துபோய்த் தன் சாவைத் தானே எட்டிப் பார்த்தான். பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக் கல் தேவாலயத்தின் பின்புறம், வெள்ளைக்காரத் துரைகளின் சலவைக்கல் வரிசையைத் தாண்டி, சிமெண்ட் சிலுவைகளுக்கு நடுவே நிற்கிறான், நீலகிரி மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை, அமைதியாம் அமைதி, காலுக்கடியில் மூடிய சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது என்ன அமைதி… அன்று செத்த ஞானதாஸின் கல்லறையில் அவன் மனைவி தெரசா புல் பிடுங்குகிறாள். சுரங்கத்தை மூடி மூன்று மாதம், நாளைக்கு மகளோடு பெங்களூருக்கே போய்விடுகிறாள். இன்றைக்கு விட்டால் இனி எப்போது சொல்வது?

என்னவென்று சொல்ல? முந்தின ஷிப்டில் பாறை படபடவென்று பொரிந்ததைக் கேட்டேன், ஏர் பிளாஸ்ட் வரும், பாறையே வெடித்துச் சிதறும் என்று தெரிந்தது, காய்ச்சல் என்று புளுகி உன் புருஷன் கையில் என் வில்லையைக் கொடுத்தேன் என்றா? சம்பளம் போகாமலிருக்க ஒருவன் வில்லையில் இன்னொருவன் இறங்குவது எல்லோரும் செய்ததுதான், ஆனால் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை… ஏன் சொல்லவில்லை, சொன்னால் அவன் போகமாட்டான் என்றா? பாவி.

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்லம்மா.”

தெரசா தலை நிமிரவில்லை. “தெரியும்ணா. அவரே சொல்லிட்டுதான் போனாரு. காய்ச்சல் ஒண்ணும் இல்ல, பாறை பொரியுதுன்னு பயந்துகினு கீறான், நான் போயிட்டு வந்துடறேன்னாரு.”

கைமண்ணைத் தட்டிவிட்டு, வரேண்ணா என்று நடந்தாள். தெரிந்தேவா இறங்கினான் ஞானதாஸ், யாருக்காக, இந்தக் கோழைக்காகவா… அப்படியானால் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் இவன் இங்கே வந்து, நூற்றுமூன்று டிகிரி, கம்பளி, கஷாயம் என்று ஒன்றுவிடாமல் அளந்தபோதெல்லாம் அவள் உம் கொட்டிக் கேட்டாளே, ஒரு தடவைகூட முகம் மாறவில்லையே… மன்னித்துவிட்டுக் கேட்டாளா, இல்லை, இன்னும் எத்தனை வருடம் புளுகுவான் என்று பார்த்தாளா? கேட்டைத் தாண்டப்போகிறாள், கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், வாயைத் திறந்தான், கேட்கப் பயமாக இருந்தது.