பட்டைக்காரி

அப்பாவின் ஊரில் நிலக்கரி அடுக்குக்குப் பெண்பிள்ளைப் பெயர்: பட்டைக்காரி. கன்னங்கரேலென்ற கரிக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு வெள்ளைக் களிமண் கோடு ஓடும், புடவைக்குக் கரை வைத்த மாதிரி. மலைச்சரிவில் அவள் தரைக்கு மேலே தலைகாட்டும் இடத்தில்தான், பள்ளிவிட்ட மாலைகளில், அப்பா சுரங்கத்திலிருந்து ஏறி வரும்வரை மகள் உட்கார்ந்திருப்பாள். மழை ஓய்ந்தால் அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து மேற்கே சாய்ந்து மண்ணுக்குள் மறைந்துவிடும்.

"அவ எங்க போறாப்பா?"

"அவ போற இடத்துக்கு உங்கப்பனுக்குப் பாஸ் கிடையாதுடி."

மகள் நிலவியல் படித்தாள். அப்பாவின் ஊர் நிலக்கரிப் படுகையின் கிழக்கு விளிம்பில்; அதன் மேற்கு விளிம்பில் இருந்த சுரங்க ஊருக்கே வாழ்க்கைப்பட்டாள். அந்த ஊர் அடுக்கின் பெயர் ஏழடி. எந்த ஊர்க் கரி ஒசத்தி என்று கல்யாணத்தன்றே சம்பந்திகள் மல்லுக்கட்டியதில் சாப்பாடு ஆறிப்போனது.

இப்போது அவள் மேசையில் படுகையின் குறுக்குவெட்டுப் படம் விரிந்து கிடந்தது. அடுக்கி வைத்த போர்வைகள் மேல் யாரோ உட்கார்ந்து எழுந்துபோனது போல, பாறை அடுக்குகள் நடுவில் தொய்ந்து இரு ஓரங்களிலும் எழும்பியிருந்தன. படுகையின் நடுவில் புதிதாகப் போட்ட ஆழ்துளையில் பட்டைக்காரி அகப்பட்டுவிட்டாள், வெள்ளைக் கோட்டோடு. ஏழடியில் கோடே கிடையாது என்பது மேற்கு ஊர்க்காரர்களின் பழைய பேச்சு. அப்படியானால் இரண்டும் வேறு. படத்தில் இரண்டு பெயர்களும் பிழைத்துக்கொள்ளும்.

மனசு கேட்கவில்லை. துளை மாதிரிகள் வைத்திருக்கும் கிடங்குக்குப் போய், ஏழடியிலிருந்து துளைத்தெடுத்த கரித்துண்டை ஈரத்துணியால் துடைத்தாள். கருப்பு வழிந்து இறங்கியது. அடியில் நகக்கீறல் போல ஒரு வெள்ளை.

ஒரே அடுக்கு. மேற்கே எழும்பி வந்த ஓரத்தில் கோடு மெலிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, சட்டென்று அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஓர் அடுக்குக்கு ஒரு பெயர்தான். முதலில் அச்சேறிய பெயரே நிற்கும். ஏழடிதான் முந்திக்கொண்டது.

"துடைக்காம வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேலி செய்தார் மேலதிகாரி. அவள் படத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த பட்டைக்காரி என்ற பெயரை அழித்தாள். காகிதம் லேசாக நைந்தது.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்பா. இனிமே படத்துல ஏழடின்னுதான் இருக்கும்."

அந்தப் பக்கம் சுரங்கக்கார நெஞ்சு இரைந்தது.

"உன் மாமனார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"நாளைக்குச் சொல்லு. இன்னிக்கு ஒரு ராத்திரியாவது நான் தூங்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"நடுவுல எப்படி இருக்கா?"

"அங்கதான்பா ரொம்பத் தடிமன். இந்த ரெண்டு ஊர்லயும் அவ்வளவு தடிமனா யாரும் கண்ணால பாத்திருக்க மாட்டாங்க."

"பின்னே?" அப்பாவின் குரல் நிமிர்ந்தது. "நம்ம ஊர்லருந்து போனவளாச்சே!"