முன்னங்காலா, பின்னங்காலா

பிப்ரவரியிலிருந்து இது நான்காவது பட்டியல். டெல்பர்ட் அதை ஒரு தீவன ரசீதின் பின்பக்கத்தில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தான். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘வைத்துக்கொள்ள’, வலப்பக்கம் ‘விற்க’. அவன் மனைவி ரொவீனா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து படித்தாள். முதல் பட்டியலில் விற்கும் பக்கம் எட்டுக் குதிரைகளின் பெயர்கள் இருந்தன. இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் நான்கு. இப்போது இரண்டு.

“டெல், இதுல சண்டே பேரு இருக்கு.”

“ஆமா.”

“சண்டே செத்துப்போயி ஒரு வருஷம் ஆச்சு. நீதான் குழி வெட்டுன.”

டெல்பர்ட் பிஸ்கட் என்கிற மெத்தென்ற காலை ரொட்டியின் மேல் மாவுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. “அதான் சொல்றேன். ஒண்ணு ஏற்கெனவே குறைஞ்சாச்சு. நான் ஒண்ணுமே பண்ணலன்னு நாளைக்கு நீ சொல்லக் கூடாது பாரு.”

ரொவீனாவுக்குத் தட்டைப் பிடுங்கிக் கோழிகளுக்குப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

முப்பத்தொரு அங்குல உயரமுள்ள குதிரைகளை வளர்க்கிறோம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். நாய் மாதிரிதானே, சோபாவிலேயே படுக்குமா என்று கேட்கும். நாய் மாதிரி இல்லை. குளம்பு வெட்ட வேண்டும், பல் ராவ வேண்டும், கொஞ்சம் புல் கூடினாலும் கால் வீங்கிப் படுத்துவிடும். வேலியைத் தாண்டாது, வேலிக்கு அடியில் நுழைந்து போகும். அப்படிப் பதினேழு பெட்டைகள், செனட்டர் என்கிற ஒரு பொலிகுதிரை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை செனட்டரைப் பெட்டைகள் மேயும் நிலத்தில் அவிழ்த்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தச் சனிக்கிழமை.

இந்த முறை ஆறு பெட்டைகளை மட்டும் விடலாம், மற்றவை சும்மா இருக்கட்டும் என்று ரொவீனா குளிர்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். காரணம் கேட்டால் முழங்கால் வலி என்பாள். முழங்கால் வலித்தது உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை.

காரணம் அவளுடைய வலது கை. சின்னக் குதிரைகளுக்குப் பிரசவம் சிக்கலானால் உள்ளே விட்டுத் திருப்ப ஒரு சின்னக் கை வேண்டும். டெல்பர்ட்டின் கை சோள ரொட்டி சுடும் இரும்புச் சட்டி அளவு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பண்ணையில் சிக்கிய குட்டிகளை எல்லாம் வெளியே கொண்டுவந்தது ரொவீனாவின் கைதான். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கிறிஸ்துமஸிலிருந்து மரத்துக் கிடந்தன. கரண்டி பிடிக்கும், கதவு திறக்கும். ஆனால் நுனியில் என்ன தட்டுகிறது என்று சொல்லத் தெரியாது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி நண்பகலில் பேர்ல் என்கிற பெட்டை ஈனுவதற்காகக் கொட்டகையில் படுத்துவிட்டது. இரண்டு குளம்புகள் தெரிந்தன, அடிப்பாகம் மேல்நோக்கி. அப்படித் தெரிந்தால் இரண்டில் ஒன்று. குட்டி மல்லாந்து கிடக்கிறது, அல்லது பின்பக்கமாக வருகிறது. எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. கையை உள்ளே விட்டு மூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழ்க்கணுவும் மேல்மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். முன்னங்கால் என்றால் குட்டியைத் திருப்பித் தலையைத் தேட வேண்டும். பின்னங்கால் என்றால் எதையும் தேடக் கூடாது, உடனே இழுக்க வேண்டும். தாமதித்தால் குட்டி உள்ளேயே நீரை மூச்சாக இழுத்து மூழ்கிவிடும்.

ரொவீனா தொட்டாள். ஏதோ மடங்கியது. “முன்னங்கால்” என்றாள். தலையே இல்லாத இடத்தில் பன்னிரண்டு நிமிடங்கள் தலையைத் தேடினாள். கால்நடை மருத்துவர் நாற்பது நிமிட தூரத்திலிருந்து வந்துசேர்ந்தபோது, அவர் செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கறுப்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட பெண்குட்டி.

“இவளுக்கு இடுப்பு குறுகல், அதான்” என்றான் டெல்பர்ட். ரொவீனா மறுக்கவில்லை. அன்றிலிருந்து பேர்லுக்கு இடுப்பு குறுகல் என்பது அந்த வீட்டில் வேதவாக்காகிவிட்டது. பட்டியலில் சண்டேக்குக் கீழே இருந்த இரண்டாவது பெயர் பேர்ல்.

“பேர்லை யாருக்கு விக்கப்போற?”

“விக்கல. குடுக்குறேன். ஜெனிவா வராங்க இப்ப, வண்டியோட.”

ரொவீனா கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள். “இப்பவா? இத நீ இப்பதான் சொல்ற?”

“சொன்னா நீ கத்துவ.”

“இப்ப மட்டும் என்ன பாடுறேனா?”

ஜெனிவா டெல்பர்ட்டின் அக்கா. எழுபத்து நான்கு வயது. தான் நுழைகிற எந்த வீட்டிலும் சாமான்கள் தப்பான இடத்தில் இருக்கின்றன என்பது அவளுடைய நம்பிக்கை. பத்து மணிக்கு வந்தாள், பின்னால் குதிரை ஏற்றும் இழுவைப் பெட்டி, கையில் பீச் பழம் நிரப்பிச் சுட்ட அப்பம்.

“சூடா இருக்கு, மூடி வைக்காத, நசநசன்னு ஆயிடும்” என்று அப்பத்தை ரொவீனாவிடம் கொடுத்தாள். “எங்க அந்தக் குதிரை? எங்க சபையோட கோடை முகாமுக்குத்தான். பிள்ளைகள ஏத்தி வட்டமா நடக்கவிட்டா போதும். சாதுதான?”

“வட்டமாவா? நாள் முழுக்கவா?”

“குதிரைன்னா நடக்கத்தான செய்யும், ரொவீனா. நீங்க ரெண்டு பேரும் இதுங்கள மடியில வச்சுக் கொஞ்சுறது எனக்குப் புரியறதே இல்ல. எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டு எங்க பக்கம் வந்துடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? பதினேழு! எங்கப்பா கூட மொத்தம் மூணு குதிரைதான் வச்சிருந்தாரு, அதுங்களாவது ஏர் இழுத்துச்சு.”

“குறைக்கத்தான் போறோம்” என்றான் டெல்பர்ட்.

“இவன் எட்டு வயசுல முயல் வளத்தான். அப்பவும் இதேதான் சொன்னான். கடைசில அறுபது முயல்.”

மூன்று பேரும் கொட்டகைக்கு நடந்தார்கள். முந்தைய நாள் மழையில் சிவப்பு மண் செருப்பில் அப்பியது. பேர்ல் மூலையில் நின்றது. டெல்பர்ட் தலைக்கயிற்றை மாட்டியதும், எங்கே என்று கேட்காமல் பின்னாலேயே வந்தது. வாசலில் ரொவீனாவைக் கடக்கும்போது நின்று அவள் கோட்டுப் பையில் மூக்கை நுழைத்தது. அதன் குட்டியைக் கொன்ற கை அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்று ரொவீனா நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். டெல்பர்ட் மேல், ஜெனிவா மேல், இந்த முட்டாள் குதிரையின் நம்பிக்கை மேல்.

“நிறுத்து, டெல். அவளுக்கு இடுப்பு குறுகல் இல்ல.”

“அத நாம பேசியாச்சு.”

“நீ பேசுன. நான் பேசல. அது பின்னங்காலு. நான் முன்னங்காலுன்னு சொல்லிட்டேன்.”

டெல்பர்ட் அவளைப் பார்த்தான். “நீ எப்பவும் தப்பா சொன்னதில்லையே.”

“எனக்குத் தெரியல. கைய விட்டேன், ஒண்ணும் தெரியல. விரலு செத்துப்போச்சு. கிறிஸ்துமஸ்லேருந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ கத்துவ.”

ஜெனிவா வாயைத் திறந்தாள். டெல்பர்ட் தலைக்கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு ரொவீனாவின் பக்கம் வந்தான். “கண்ண மூடு. கைய நீட்டு.”

“விளையாட்டா இது?”

“மூடுன்னா மூடேன்.”

அவன் தன் சட்டைப் பையில் எதையோ துழாவும் சத்தம் கேட்டது. அந்தப் பையில் எப்போதும் பாதி பண்ணை இருக்கும். விரல் நுனியில் எதையோ வைத்தான்.

“வேலி ஆணி” என்றாள்.

“சோளம். இப்ப?”

அவள் யோசித்தாள். நுனியில் எப்போதும் இருக்கும் ஊசி குத்தல். அதற்கு நடுவில் ஏதோ சின்னதாக, அழுத்தமாக. “இதுதான் ஆணி.”

கண்ணைத் திறந்தாள். அவள் விரல்களில் எதுவும் இல்லை. டெல்பர்ட்டின் இரண்டு கைகளும் அவன் பக்கவாட்டில் தொங்கின.

அடுத்த குளிர்காலத்தில் அவன் இறந்தபின், ஊர் ரொவீனாவிடம் அவனைப் பற்றிப் பல நல்ல விஷயங்களைச் சொன்னது. பொறுமைசாலி, கடின உழைப்பாளி என்றெல்லாம். அவளுக்கோ நினைவில் நின்றது, எதையும் வைக்காமல் தன்னை ஏமாற்றிவிட்டு, ஏமாற்றப்பட்டவன் மாதிரி நின்ற அந்த முகம்தான்.

“சரி, அப்ப இவ நல்லாத்தான் இருக்கா” என்றாள் ஜெனிவா, கயிற்றை ஆட்டியபடி. “முகாமுக்கு இன்னும் நல்லதுதான?”

டெல்பர்ட் தொண்டையைக் கனைத்தான். அந்தக் கனைப்பை ரொவீனா நாற்பது ஆண்டுகளாக அறிவாள்.

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“குட்டி போயி ஒன்பதாம் நாளு... அவ வேலிகிட்டயே நின்னு கத்திக்கிட்டிருந்தா. செனட்டரும் அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தான். பாவமா இருந்துச்சு. கதவத் திறந்துட்டேன்.”

“ஒன்பதாம் நாளா? அவ உள்ள புண்ணு ஆறியிருக்குமா டெல்? முப்பதாம் நாளுக்கு முன்னாடி தொடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நீதான?”

“தெரியும். அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சுபோச்சு தப்புன்னு. திரும்பப் பருவத்துக்கு வரவே இல்ல. சினைதான். இந்த இடுப்ப வச்சுக்கிட்டு மார்ச்ல செத்துருவான்னு நெனச்சேன். இங்க, என் கண்ணு முன்னாடி. அதான்...”

“அதான் என் தலையில கட்டலாம்னு பாத்தியாடா!” ஜெனிவா கயிற்றை அவன் நெஞ்சில் எறிந்தாள். “வயித்துல குட்டியோட! சபைப் பிள்ளைங்க நடுவுல அது படுத்துச் சாகணும், நான் போதகர்கிட்ட என்ன சொல்லுவேன்? அறுபது முயல வச்சிருந்தப்பவே உன்ன வெளுத்திருக்கணும்.”

“நான் சொல்லியிருப்பேன்.”

“எப்ப, ஈஸ்டருக்கா?”

ரொவீனா பேர்லின் கயிற்றை மண்ணிலிருந்து எடுத்து, இடது கையில் சுற்றிக்கொண்டாள். இவ்வளவு நாள் பயந்து மறைத்த கை விஷயம் வெளியே வந்தபின், இந்தச் சண்டையில் அது பின்னுக்குப் போய்விட்டதில் அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. “இவ எங்கயும் போகல. பிப்ரவரி கடைசில இவள டாக்டர்கிட்ட கொண்டுபோய் விடணும். அங்கயே ஈனட்டும். நீதான் ஓட்டணும், நீதான் பக்கத்துல இருக்கணும். மத்ததுல சிக்கல் வராத ஆறு பெட்டைங்கள நான் சொல்றேன். அதுங்கள மட்டும் இன்னிக்கு அவன்கூட விடலாம்.”

“வேணாம்” என்றான் டெல்பர்ட்.

“என்ன வேணாம்? ஆறு பத்தாதா உனக்கு?”

“ஒண்ணும் வேணாம். உள்ள உன் கை போகாதுன்னா, எந்தப் பெட்டைக்கிட்டயும் அவன விடமாட்டேன். ஏற்கெனவே ஒண்ணு பண்ணிட்டேன், போதும். காயடிச்சுருவோம்.”

“நான் குறைக்கலாம்னுதான் சொன்னேன். நிறுத்தச் சொன்னேனா? நாலு மாசமா ஒரு பேர அடிக்கச் சொல்லி கெஞ்சுனேன், முடியல. இப்ப ஒரே அடியா எல்லாத்தையும்! உனக்கு நடுவுல நிக்கவே தெரியாதா?”

“தெரியாது” என்றான் அவன்.

டெல்பர்ட் கேலி செய்யவில்லை என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. செனட்டரை அவன் குட்டியாகத் தோளில் தூக்கிக்கொண்டுவந்தவன். மாவட்டக் கண்காட்சியில் உயரம் அளப்பவரிடம், அளவு போய் முடிகிற பிடரியின் கடைசி மயிர் எது என்று கால்மணி நேரம் வாதாடி, செனட்டரின் உயரத்தில் அரை அங்குலம் குறைத்தவன். அவள் மறுத்துப் பேச வாயெடுத்தாள். ஏப்ரல் மாதத்தில் ஆறு கொட்டில்கள், ஆறு பெட்டைகள், தன் கை. அதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஆறு என்று அவள் சொன்னதே பொய்தான். ஒன்றைக்கூட அவளால் தாங்க முடியாது.

“டாக்டர் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இருப்பாரு” என்றாள் ஜெனிவா, கடிகாரத்தைப் பார்த்து. “நான் அந்த வழியாத்தான் போறேன். வந்த வண்டி வெறுமனே போகக் கூடாது. அப்பம் ஆறிப்போச்சுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

டெல்பர்ட் போய் செனட்டரைக் கூட்டிக்கொண்டுவந்தான். மே மாதத்தில் தன்னைக் கயிறு போட்டுக் கூட்டிப்போனால் எங்கே என்று செனட்டருக்குத் தெரியும். வால் தூக்கி, கழுத்தை வளைத்து, மூன்று மடங்கு பெரிய குதிரையைப் போல நடந்தது. இழுவைப் பெட்டியின் பலகையைப் பார்த்ததும் நான்கு காலையும் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது. ஜெனிவா முன்னாலிருந்து இழுத்தாள். அது அவள் சட்டைக் கையைக் கடித்தது. “சனியனே” என்றாள் ஜெனிவா. கயிற்றை விடவில்லை.

சின்னக் குதிரை ஏற மறுத்தால் செய்வது ஒன்றுதான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, அதன் பின்தொடைக்குப் பின்னால் கையைக் கோத்து, நாற்காலியில் உட்கார வைத்ததுபோல அள்ளித் தள்ள வேண்டும். டெல்பர்ட் இடப்பக்கம் குனிந்தான், ரொவீனா வலப்பக்கம். குதிரையின் சூடான தொடைக்கு அந்தப் பக்கம் அவன் கை அவள் கையைத் தேடிக் கண்டுபிடித்தது.

“கெட்டியா இருக்கா?”

“எனக்குத் தெரியல” என்றாள் அவள். “நீ இறுக்கிக்கோ.”

மணிக்கட்டு வலிக்கும் அளவுக்கு அவன் இறுக்கினான். அந்த வலி மட்டும் நன்றாகத் தெரிந்தது. “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணினான். மூன்று சொல்வதற்குள் ஜெனிவா இழுத்துவிட்டாள். செனட்டர் பலகையில் தடதடவென்று ஏறியது. அவர்கள் இருவரும் கையை விடாமல் மண்டியிட்டபடி சேற்றில் விழுந்தார்கள்.