திங்கட்கிழமைக்காரர்கள்

வெள்ளை அங்கியின் கழுத்துப் பொத்தான் மட்டும் மாட்ட மறுத்தது. கணவரின் குளிர்ந்த தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அவள் மறுபடி முயன்றாள்.

"அத விட்டுருங்கக்கா. அவருக்கு அந்தப் பொத்தானே ஆகாது. எங்க வீட்டுக்குள்ள கால் வச்சதும் மொதல்ல அதத்தான் அவுப்பாரு."

வாசலில் மூன்று பேர். பேசியவர் வேறொரு சபையின் போதகர்; அவருடைய உடம்பைப் பார்த்து அவள் கணவர் வைத்த பெயர் யானை. திங்கட்கிழமைதோறும் இந்த மூவரும் அவள் கணவருமாக நான்கு போதகர்களும் யானையின் சமையலறையில் கூடுவார்கள். அங்கே பிரசங்கம் கிடையாது; மனம்விட்டு அழலாம். அழுகிறவனுக்கு வசனம் சொல்லித் தேற்றினால், சொன்னவன்தான் எல்லோருடைய பாத்திரத்தையும் கழுவ வேண்டும். கணவர் கண் சிவந்து, நல்ல பசியோடு வீடு திரும்புவார். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டாள்:

"சபையில தெரிஞ்சா மானம் போயிரும். மேய்ப்பனே போய் அழுதா ஆடு யாரை நம்பும்? வீட்டுல நான் ஒருத்தி இல்லையா?"

அதன்பின் அவர் போவதை நிறுத்திவிட்டார். ஆனால் மனதில் இருந்ததை அவளிடமும் சொல்லவில்லை. நேற்றுக் காலை மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதுகூட, "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார்.

"யாரும்மா இவங்க?" மாலையோடு உள்ளே வந்த சபைச் செயலாளர் கேட்டார்.

"அவரு... அவரோட கூடப் படிச்சவங்க."

யானை அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஆமாங்க," என்றார் அவர். "அவரப் பாத்து எழுதித்தான் நான் பாஸானேன்."

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் குனிந்து, துணியை இறுக்கி இழுத்துப் பொத்தானை மாட்டிவிட்டாள்.

ஆலயத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "நம்ம ஐயா பாறை மாதிரி. நம்ம எல்லார் பாரத்தையும் சுமந்தாரு. தன் பாரத்த ஒரு மனுஷன்கிட்டயும் சொன்னதில்ல. அவரு கண்ணுல தண்ணிய யாரும் பாத்ததில்ல. அம்மாவே சாட்சி."

"ஆமென்" என்றது சபை. அவள் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது.

காது மடல்வரை சூடேறியது. மெல்லத் திரும்பினாள். கடைசி வரிசையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். யானைக்கும் மற்ற இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

சுவரோரம் நின்றிருந்த ஒருவர் குனிந்து யானையின் தோளைத் தொட்டார். "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்."

யானை அந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, நகர்ந்து உட்கார்ந்தார்.