குளக்கட்டில் ஒரு தறப்பாள்

சைக்கிள் பாரில் கூடாரம் போடும் தறப்பாளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்த வீரபாகுவை, சாக்குத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள் பக்கத்துக் குடும்பத்து அன்னபாக்கியம்.

“உண்மையாத்தான் போறியளோ?”

“ஓம் அக்கா. நாளைக்குப் பின்னேரம் வந்திடுவம்.”

“குளத்தடியிலை என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை. சும்மா இருக்கத்தான்.”

“காட்டுக்கை போய்ச் சும்மா இருக்கவோ? யானை கண்டாலும் சிரிக்கும்.” அவள் வீரபாகுவின் மனைவி கமலாசனியின் பக்கம் திரும்பினாள். “கவனம் பிள்ளை. மனுசனுக்கு இந்த வயசிலை புதுமாப்பிள்ளைக் குணம் வந்திருக்கு.”

திரைகளுக்கு அப்பாலிருந்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கமலாசனி சிரிக்கவில்லை. அரிசியும் பருப்பும் போட்ட பையின் வாயை முடிச்சுப் போட்டு, பானையோடு சேர்த்து ஹாண்டிலில் கொழுவினாள்.

வீரபாகுவுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது, அவன் காவலாளியாக வேலை செய்த வெளிநாட்டு நிறுவனத்துக் கந்தோரிலிருந்த வெள்ளைக்கார நேர்ஸ். அவளுடைய ஊரில் வெள்ளிக்கிழமை பின்னேரமானால் சனம் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு பட்டணத்தை விட்டுப் போய்விடுமாம். ஆற்றங்கரையிலோ காட்டிலோ படுத்திருந்துவிட்டு ஞாயிறு திரும்பி வருமாம். ஏன் என்று கேட்டதற்கு, “சத்தமில்லாமல் இருக்க” என்றாளாம். அதை அவன் கமலாசனிக்கு வந்து சொன்னான். பிறகு, “நாங்களும் ஒருக்காப் போவம். அங்கை ஒருத்தரும் இல்லை. நீ உன்ரை பாட்டிலை இருக்கலாம்” என்றான். எதற்காக என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சண்டைக்குப் பயந்து வட்டக்கச்சியை விட்டு ஓடி வந்த நாளிலிருந்து அவர்கள் முள்ளியவளையில் ஒரு பழைய நெற்களஞ்சியத்துக்குள் இருந்தார்கள். எட்டொன்பது குடும்பங்கள். சேலையும் சாக்கும்தான் சுவர். தகரக் கூரைக்குக் கீழே எந்தச் சத்தமும் தனக்குள் அடங்குவதில்லை. ஒருவர் இருமினால் எல்லோருக்கும் கேட்கும். மாசி மாதத்தில் மகன் நிரோஜனை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோனபோது கமலாசனியோடு சேர்ந்து களஞ்சியமே அழுதது. அன்னபாக்கியம்தான் அவளைத் தூக்கி வைத்துத் தண்ணீர் பருக்கினாள். ஆனால் முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகும் கமலாசனிக்கு அழுகை முடியவில்லை. ஒருநாள் அன்னபாக்கியம் அருகில் வந்து குந்தியிருந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “என்ரை பெட்டையைப் பொம்பிளை பாக்க நாளைக்கு ஆக்கள் வருகினம் பிள்ளை. அவை இருக்கேக்கை மட்டும் கொஞ்சம்…” என்றாள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்குச் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டவள்தான். வந்தவர்கள் போய், கலியாணம் பேசி முடிந்து, மாதங்கள் கடந்துவிட்டன. தலைப்பை இன்னும் அவளால் வெளியே எடுக்க முடியவில்லை.

வீரபாகுவோ மகனுடைய பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டான்.

கிறவல் றோட்டால் சைக்கிள் குலுங்கிக் குலுங்கிப் போனது. கரியரில் இருந்த கமலாசனிக்கு வழியெல்லாம் பாலை மரங்களும், அறுவடை முடிந்து காய்ந்த வயல்களும். பிறகு மரங்கள் மட்டும். குளத்தில் பாதித் தண்ணீர்தான் கிடந்தது. சேறு வெடித்த கரையில் கொக்குகள் நின்றன. மேற்கே, தூரத்தில், வழமைபோல ஷெல் விழுகிற சத்தம் இரண்டொரு தரம் கேட்டு நின்றது.

வீரபாகு குளக்கட்டுக்குக் கீழே, பள்ளமான இடமாகப் பார்த்துத் தடி ஊன்றத் தொடங்கினான். நாலு இடப்பெயர்வில் பழகின கைகள். எங்கே போட்டால் துப்பாக்கிச் சன்னம் மேலால் போகும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

“இஞ்சாருங்கோ, மேலை போடுங்கோவன்,” என்றாள் அவள். “தண்ணி தெரியட்டும்.”

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டுபோய்க் கட்டின் உச்சியில் போட்டான். நீலத் தறப்பாள் வெயிலில் பளிச்சென்று நின்றது. றோட்டின் திருப்பத்திலிருந்தே தெரிந்தது.

அடுப்புக்குக் கல் வைத்து உலையை ஏற்றிவிட்டு, “சுள்ளி பொறுக்கிக்கொண்டு வாறன்” என்று அவன் தள்ளிப் போனான். வேண்டுமென்றேதான் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தறப்பாளின் நிழலில் கால்களை நீட்டி உட்கார்ந்தாள். இங்கே திரை இல்லை. கூரை இல்லை. யாரையும் பெண்பார்க்க ஆட்கள் வரவில்லை. ‘நிரோஜன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பழக்கத்தில் குரல் அடங்கியே வந்தது. பக்கத்தில் யாரோ நித்திரை கொள்வதுபோல. இன்னொருதரம் சொல்ல வாயைத் திறந்தபோது, கீழே றோட்டில் சைக்கிள் பிறேக் கிரீச்சிட்டது.

காட்டுக்குள்ளிருந்து விறகு கட்டிக்கொண்டு முள்ளியவளைப் பக்கம் போகிற ஒருவர். கட்டுக்கு மேலே தறப்பாளையும் புகையையும் பார்த்தபடி நின்றார்.

“எங்கையிருந்து வாறியள் தங்கச்சி?”

“முள்ளியவளையாலை.”

“எப்ப வெளிக்கிட்டனீங்கள்?”

“காலமை.”

“நான் விடியமுந்தியே காட்டுக்கை வந்திட்டன். அங்கை என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. நாங்கள் சும்மா வந்தனாங்கள்.”

அவர் பானையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். “தறப்பாளோடை ஆரும் சும்மா காட்டுக்கை வருவினமோ? சொல்லக்கூடாதெண்டு சொல்லிப்போட்டாங்களோ? எனக்கு அங்கை மூண்டு குஞ்சுகள் கிடக்குது, தங்கச்சி.”

அவருடைய முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. எப்படியாவது விளங்கப்படுத்திவிட வேண்டுமென்று அவசரப்பட்டாள். “இவர் வேலை செய்யிற இடத்திலை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. அவாதான் சொன்னவா, இப்பிடி வெளிக்கிட்டுப் போய் இருக்கிறதெண்டு…”

“வெள்ளைக்காரர் சொன்னவையோ!”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கத்தியால் கயிற்றை அறுத்தார். விறகுக் கட்டு தடாரென்று றோட்டில் விழுந்தது. சுள்ளியோடு வந்த வீரபாகு “அண்ணை, நில்லுங்கோ! அண்ணை!” என்று கத்திக்கொண்டு கட்டிலிருந்து இறங்கி ஓடினான். வெறும் சைக்கிள் அதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

அவளைத் தனியே விட்டுவிட்டுத் துரத்திப் போக அவனுக்கு மனம் வரவில்லை. “அங்கை போனால் அவருக்கே தெரியும்தானே” என்றான். இருவரும் விறகுக் கட்டைத் தூக்கி றோட்டோரம் வைத்தார்கள். சோறு வெந்தது. இருவரும் அதைத் தொடாமல் மூடி வைத்தார்கள்.

வெயில் சாய முதலே முதலாவது உழவு இயந்திரம் வந்தது. பெட்டி நிறையக் கிழவிகளும் பிள்ளைகளும் நெல்மூட்டைகளும். பின்னால் சைக்கிள்கள். இறங்கினவர்கள் யாரும் குளத்தைப் பார்க்கவில்லை. தறப்பாளைப் பார்த்துத்தான் தங்கள் இடத்தை அளந்தார்கள்.

“ஆமிக்காரன் கடலாலை இறங்கப்போறானாம்,” என்றார் மீசை நரைத்த ஒருவர். “வெள்ளைக்காரர் தங்கடை ஆக்களை முந்தியே அனுப்பிப்போட்டினமாம்.”

“அது நாங்கள்தான் ஐயா,” என்றான் வீரபாகு. “ஒருத்தரும் அனுப்பேல்லை. நாங்கள் சும்மா… இருந்திட்டுப் போக வந்தனாங்கள். திரும்பிப் போங்கோ.”

“நீர் நல்ல மேட்டு நிலமாப் பிடிச்சுப்போட்டு எங்களைத் திரும்பிப் போகச் சொல்லுறீரோ?”

கமலாசனிதான் எழுந்து முதல் தடியைப் பிடுங்கினாள். “நாங்கள் போறதைக் கண்டால் நம்புவினம்” என்றாள். தறப்பாளைச் சரியாகச் சுருட்டக்கூட நேரம் எடுக்கவில்லை. அவர்கள் கட்டிலிருந்து இறங்கும்போதே அந்த இடத்தில் வேறு யாரோ பாய் விரித்தார்கள்.

றோட்டு நிறையச் சனம். எல்லாம் எதிரே வந்தது. வீரபாகு மணியை அடித்து அடித்து, “ஒண்டுமில்லை, திரும்புங்கோ, ஒண்டுமில்லை” என்று சொல்லிக்கொண்டே மிதித்தான். ஒருவரும் நிற்கவில்லை. தள்ளுவண்டியில் ஒரு நோயாளியைக் கிடத்தி இழுத்துப் போனார்கள். ஆட்டுக்குட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருத்தி போனாள். யாரோ ஒரு பெண், எதையோ மறந்துவிட்டு வந்ததற்காக, ஒப்பாரி சொல்லுவதுபோல நீட்டி நீட்டி அழுதபடி கடந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ‘அழாதை’ என்று யாரும் சொல்லவில்லை.

சேலைத் தலைப்பைத் தேடிய கமலாசனியின் கை பாதியில் நின்றுவிட்டது. “ஐயோ என்ரை ராசா” என்று அவள் வாயிலிருந்து வந்த குரலை அவளே அறியவில்லை. அத்தனை பெரிய குரல். வீரபாகு பிறேக்கைப் பிடித்து ஒரு காலை நிலத்தில் ஊன்றினான். திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய சேட்டின் முதுகு குலுங்கத் தொடங்கியதை அவள் கண்ணீருக்குள்ளால் கண்டாள்.

கைப்பிள்ளையோடு வந்த ஒரு பெண் மட்டும் நின்றாள். “ஏனணை அழுறியள்?”

“என்ரை பிள்ளை செத்துப்போச்சு.”

“ஐயோ. எங்கை?”

கமலாசனி முள்ளியவளைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அந்தப் பெண் பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் திரும்பி, “அங்கை பிள்ளை செத்துப்போச்சாம்!” என்று கத்தினாள். “பிள்ளை செத்துப்போச்சாம்” என்று அவளுக்குப் பின்னால் வந்தவர் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவரும் சொன்னார். நடந்து வந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள். யாருடைய சைக்கிளிலிருந்தோ ஒரு தண்ணீர்க் குடம் விழுந்து, நீரைச் சிந்திக்கொண்டே கிறவலில் உருண்டது. அதை எடுக்க ஒருவரும் குனியவில்லை. சனம் வீரபாகுவின் சைக்கிளின் இரண்டு பக்கத்தாலும் பிரிந்து பிரிந்து, அவளுடைய மகனின் சாவைத் தூக்கிக்கொண்டு, காட்டை நோக்கி ஓடியது.