தோகிகோவின் சொந்தக் குரல்

"ஏய், எனக்கு ஊத்தாம வேற யாருக்கு ஊத்தப் போற?"

ஏழு வயதுப் பையனின் அதட்டல். பீர் பாட்டிலும் கையுமாக நாட்சுயோ திரும்பினாள். எழுபது வயது ரீட்சுகோ துக்கக் கறுப்புடையில் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கூட்டமே இப்படித்தான்! காலமெல்லாம் கார்ட்டூன் பொடியன்களுக்குக் குரல் கொடுத்தே வயிறு வளர்த்த கிழவிகள்.

அவர்களில் ஒருத்தியான அம்மா தோகிகோ பக்கத்து அறையில் பெட்டிக்குள் படுத்திருந்தாள். நாளைக்குத் தகனம். ஊதுபத்தி அணையாமல் அப்பா காவல். சாயங்காலப் பூசை முடிந்து சுஷித் தட்டுகள் சுற்றி வர, இது சாவு வீடா கல்யாண வீடா என்று சந்தேகம் வரும்படி சிரிப்பு. நாட்சுயோவும்தான் சிரித்தாள். ஆனாலும் உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

அம்மா குரல் கொடுத்த கார்ட்டூன் பையன் ஓட்டைப்பல் தாஞ்சியின் குரல் ஊரெல்லாம் இருக்கிறது. அம்மாவின் சொந்தக் குரல் எங்கேயும் இல்லை. கேமராவைக் கண்டாலே தாஞ்சியாகிவிடுவாள், பாவி மனுஷி! கொஞ்ச நாளில் அந்தக் குரல் மறந்தே போய்விட்டால்?

"அத்தை, அம்மா மாதிரி பேசிக் காட்டுங்களேன். தாஞ்சி வேணாம். அம்மா."

"இதென்ன பிரமாதம்?" ரீட்சுகோ தொண்டையைச் செருமினாள். "வாங்க வாங்க, சாப்டீங்களா?"

"சீ, அது அவ மாமியார்டி!" என்றாள் இன்னொரு கிழவி குனியே. "தள்ளு."

பழக்கதோஷம் யாரை விட்டது? வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலிப்பதிவில் ஒரே மைக்குக்குக் காத்திருப்பவர்கள்போல வரிசை கட்டினார்கள். துணிகூடச் சரசரக்காமல் ஒருத்தி விலக, ஒருத்தி முன்னே வந்தாள். ஆளுக்கொரு தோகிகோ. ஒருத்தியும் அம்மா இல்லை.

நாட்சுயோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயோ, நீங்கல்லாம் என்னத்த நடிச்சீங்க! அம்மா இப்படியா பேசுவா? கடைசில இழுப்பா. 'என்னங்க, குளிக்கிற தண்ணி ஆறுது, சீக்கிரம் வாங்களே...ன்!'"

ரீட்சுகோவின் கோப்பை பாதி வழியில் நின்றது. குனியே வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்தா வந்தது என்று நாட்சுயோவுக்கே உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"இதோ வரேன், வரேன்," என்றது பக்கத்து அறை. "ஏன் தோகி இந்தக் கத்து கத்துற?"

கறுப்பு டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அப்பா கதவருகே வந்து நின்றார்.