இருபத்தேழாம் பிரிவு

"போலீசுகிட்ட என்னா ஒத்துக்கிட்டாலும் கோர்ட்டுல செல்லாது மாமா. சாட்சியச் சட்டம், இருபத்தஞ்சாம் பிரிவு. தைரியமா போயிட்டு வாங்க."

பொங்கல் லீவுக்கு வந்திருந்த துர்கா இப்படிச் சொன்னதும் ராஜ்மோகனின் முகம் தெளிந்தது. அவன் அவளுடைய அத்தை மகன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. நிச்சயமாகியிருந்தது, அவள் படிப்பு முடிந்ததும் கல்யாணம். சென்னையில் குற்றவியல் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிப்பவளைத் தெருவே, "திருடன் புடிக்க ஒரு படிப்பா?" என்று கேலி செய்யும். அவனுக்கு மட்டும் அவள், "எங்க வூட்டு எஸ்.ஐ. அம்மா."

கம்பெனியில் ஒரு மோட்டார் திருடு போயிருந்தது. எடுத்தவன் அவனோடு சூளையில் வேலை செய்யும் கொளஞ்சி. உடைந்த பீங்கான் மேட்டில் அவன் புதைத்ததை ராஜ்மோகன் பார்த்துவிட்டான். இப்போது ஸ்டேஷனில் இவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"கொளஞ்சி பேரச் சொல்ல மாட்டேன் புள்ள. கைக்கொழந்தக்காரன். எடத்த மட்டும் காட்டிடட்டுமா?"

"காட்டுங்க. அதுவும் செல்லாது."

காட்டினான். அவனையே தோண்ட வைத்து, எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்று அவன் வீடு திரும்பவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் பேராசிரியர் இருபத்தேழாம் பிரிவை நடத்தினார். காவலில் இருப்பவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு அவன் சொன்னது செல்லும்.

துர்கா எழுந்தாள். "சார், அவன் எடுக்கலன்னா? பார்த்தது மட்டும்னா?"

"யாரைப் பார்த்தான்னு சொல்லணும்மா. சொல்லலைன்னா, ஒளிச்சு வச்சதே இவன்தான்னு ஆயிடும்."

அவள் ஊருக்கு ஓடி வந்து கெஞ்சியபின், ராஜ்மோகன் கொளஞ்சியின் பேரைச் சொன்னான். அதற்குள் கொளஞ்சி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தான். சொன்னதை நம்ப ஆளில்லை. இரண்டு வருஷம் தண்டனை.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போய் நின்றான்.

"அந்தப் பாடம் அப்ப நடத்தல மாமா..."

"பரீட்சைக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எழுதினியா?"

"ம். அதுலதான் நெறைய மார்க்கு."

சிரித்தான். பிறகு மெதுவாக, "நிச்சயத்த முறிச்சிடச் சொல்லி அம்மாகிட்ட சொல்லிட்டேன். போலீஸ் வேலைக்கு வூட்டு ஆளுங்களையும் விசாரிப்பாங்களாம். ஜெயிலுக்குப் போன புருசன் ஒனக்கு வேணாம்."

"எனக்கு அந்த வேலையே வேணாம் மாமா."

"எனக்கு வேணும், எஸ்.ஐ. அம்மா."

நேரம் முடிந்தது என்றார் காவலர். லீவு முடிந்து அவள் கிளம்பும்போதெல்லாம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு, கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை நிற்பவன் அவன். இன்று அவன்தான் முதலில் திரும்பி நடந்தான். வலையைப் பிடித்தபடி துர்கா நின்றுகொண்டிருந்தாள்.