பதினாறு பெட்டிகள்

சர்க்கரை மூட்டையின் தையலை அறுக்கப் போன நாத்தனாரின் கையைக் குல்பெரி பிடித்துக்கொண்டாள்.

“இது அல்வாவுக்கு இல்ல அண்ணி. தேனீக்கு.”

ஹனீஃபே கத்தியைக் கீழே வைக்கவில்லை. சற்று முன்புதான் ஆண்கள் குல்பெரியின் கணவர் நுஸ்ரத்தைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் இறங்கிப் போயிருந்தார்கள். அடக்கம் முடிந்து அவர்கள் திரும்பும்போது போஸோஃப் மலையூரில் எந்தச் சாவு வீட்டிலும் அல்வாவுக்கு ரவை வறுபட்ட மணம் தெருமுனைவரை வரும்.

“ஊரு என்னடி சொல்லும்? புருஷன் மையத்து தெருவைத் தாண்டல, அதுக்குள்ள தேனீக்கு விருந்து வைக்கிறாள்னு சிரிக்காதா?”

“சிரிக்கட்டும். அவரா இருந்தா முதல்ல சிரிப்பாரு.”

நேற்று சாயங்காலம்வரை நுஸ்ரத் தோட்டத்தில்தான் நின்றார். இருபத்திரண்டு தேனீப் பெட்டிகளில் ஆறைக் குளிர்காலத் தீனி வைத்துத் தயார் செய்துவிட்டு உள்ளே வந்தார். தேநீர் நன்றாக இருக்கிறது என்றார், நாற்பது வருஷத்தில் மூன்றாவது தடவையாக. படுத்தவர் விடிந்தும் எழவில்லை. மலை முகட்டிலோ பனிமேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. உச்சி வெயில் இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம்; குளிர் இறங்கிவிட்டால் பெட்டியைத் திறக்க முடியாது. விட்டுவிட்டால் மீதிப் பதினாறு பெட்டியையும் வசந்தத்தில் திறக்கும்போது வெறும் செத்த தேனீக்கள்தான் இருக்கும்.

ஹனீஃபே மேகத்தைப் பார்த்தாள். தம்பி மனைவியைப் பார்த்தாள். பிறகு தானே மூட்டையை அறுத்தாள்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, பொடித்த சர்க்கரையில் தேனை ஊற்றி ரொட்டிமாவுபோலப் பிசைந்தார்கள்.

“உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அவன் உதட்டுல தேனீ கொட்டியிருந்துச்சு, தெரியுமா?” என்றாள் ஹனீஃபே.

“தெரியாமலா? ஒரு வார்த்தை பேசல. வாய் பேசாத மாப்பிள்ளை கிடைச்சாருன்னு அப்பா அன்னிக்கே சம்மதிச்சிட்டாரு. கல்யாணத்தன்னிக்கு வாயைத் திறந்தாரு. அப்புறம் மூடவே இல்ல.”

வீடே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹனீஃபே தாம்பாளத்தில் இன்னும் கொஞ்சம் தேனை ஊற்றினாள்.

தேனீ கொட்டாமல் இருக்க முகவலை ஒன்றுதான் இருந்தது; அதைக் குல்பெரி மாட்டிக்கொண்டாள். மற்றவர்கள் ஜன்னல் திரைகளைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டார்கள். குல்பெரி மூடியைத் தூக்குவாள். ஒருத்தி உள்ளே தேனடைச் சட்டங்களின் மேல் மாவுருண்டையைத் தட்டையாக வைப்பாள். இன்னொருத்தி அதன் மேல் பழைய கம்பளியை அமுக்குவாள். தேனீ போய்வரும் வாசலை மரத்துண்டால் குறுக்கி, ஈரம் வடியப் பெட்டியின் பின்பக்கம் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார்கள். எட்டாவது பெட்டியில் ஒரு தேனீ ஹனீஃபேயின் மூக்கில் கொட்டிவிட்டது.

“செத்தும் என்னை விடமாட்டேங்கிறானே இந்தப் பய!” என்று அவள் கத்த, முகவலைக்குள் குல்பெரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. துடைக்க முடியவில்லை. கையெல்லாம் பிசுபிசுப்பு.

கடைசிப் பெட்டியை மூடும்போது ஆண்கள் திரும்பி வந்தார்கள். திரை போர்த்திய பெண்களைக் கண்டு வேலியோரம் திகைத்து நின்றார்கள். இமாம் மட்டும் பசியோடு நேரே தாம்பாளத்துக்குப் போனார். கண்ணை மூடி, இறந்தவருக்காக இறைஞ்சி, ஓர் உருண்டையை வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார்.

“அல்லாஹ் ஏத்துக்கட்டும். அல்வாவுல ரவை கொஞ்சம் குறைச்சலோ?”

“ஹோஜா, அது தேனீக்கு வச்சது!” என்றாள் குல்பெரி.

இமாம் விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நிற்க, சந்தூக்கைச் சுமந்து போன ஆண்களே வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெயில் போய்விட்டது. முதல் பனித்துகள்கள் இறங்கின.

“உள்ள வாடி, தேநீர் ஆறுது,” என்று ஹனீஃபே வீங்கிய மூக்கோடு வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

“இதோ வர்றேன்.”

குல்பெரியின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த மாவை ஒரு தேனீ நக்கிக்கொண்டிருந்தது. குளிரில் அதன் இறக்கை எழவில்லை. அவள் கையை ஆட்டாமல் மெல்ல நடந்து, அருகிலிருந்த பெட்டியின் வாசலில் விரல் நுனியை வைத்தாள். அது யோசித்து யோசித்து நடந்து உள்ளே போகும்வரை குனிந்தே நின்றாள்.